பேரிங் மாற்றியும் ஓயாத உறுமல்: ஸ்டெர்ன்டிரைவ் படகில் அலைன்மென்ட் பார்ப்பது எப்படி?

கேள்வி: மணக்குடிக் காயலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காகக் கொச்சியிலிருந்து 21 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினேன். மெர்க்குரூசர் 4.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆல்ஃபா வகை ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பல்லர் உள்ள டிரைவ் பின்பலகைக்கு வெளியேயும் இருக்கும்). ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் பின்பக்கத்தில் உறுமல் கேட்டது. சின்னமுட்டத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர், டிரைவின் சாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார். 25 மணி நேரம்கூட ஓடவில்லை, அதே சத்தம் திரும்பிவிட்டது. அலைன்மென்ட் விலகியிருக்கும் என்றும், கப்ளிங்கைப் பிரித்து ஃபில்லர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்கலாம் என்றும் அவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: அலைன்மென்ட் மீது அவருக்கு வந்திருக்கும் சந்தேகம் நியாயமானது. ஆனால் ஃபில்லர் கேஜ் உங்கள் படகுக்கு உதவாது. விசைப்படகில் கியர்பாக்ஸின் ஃபிளேஞ்சும் புரொப்பல்லர் சாஃப்ட்டின் ஃபிளேஞ்சும் முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் கேஜை நுழைத்து, இடைவெளியின் வேறுபாடு 0.003 அங்குலத்துக்குள், பட்டறைப் பேச்சில் மூன்று தௌவுக்குள், அடங்கும்வரை எஞ்சின் மவுண்ட்டுகளை ஏற்றி இறக்குவார்கள். படகு கரையில் இருக்கும்போது ஒரு வடிவிலும் மிதக்கும்போது வேறொரு வடிவிலும் நிற்கும் என்பதால், தண்ணீரில் இறக்கிய பிறகே அந்த வேலையை முடிப்பார்கள். ஸ்டெர்ன்டிரைவில் அப்படி முகம் பார்த்து நிற்கும் ஃபிளேஞ்சுகளே இல்லை. நல்ல அனுபவமுள்ள விசைப்படகு மெக்கானிக்குகள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

உங்கள் படகில் எஞ்சினின் ஃபிளைவீலோடு ரப்பர் நடுப்பகுதி கொண்ட ஒரு கப்ளர் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் நடுத்துளையில் ஸ்பிளைன் பற்கள் உண்டு. டிரைவிலிருந்து வரும் சாஃப்ட், படகின் பின்பலகையில் அமர்ந்திருக்கும் கிம்பல் பேரிங்குக்குள் நுழைந்து, உள்ளே வந்து அந்தப் பற்களில் செருகிக்கொள்கிறது. ஆகவே அலைன்மென்ட் என்பது, பேரிங்கின் நடுவும் கப்ளரின் நடுவும் ஒரே நேர்கோட்டில் இருப்பதுதான். "நடுவே யூனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறதே, கொஞ்சம் கோணல் இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளாதா?" என்று பலர் கேட்பதுண்டு. தாங்காது. அந்த ஜாயிண்ட் பேரிங்குக்கு வெளியே, டிரைவின் பக்கத்தில் இருக்கிறது. பேரிங்குக்கும் கப்ளருக்கும் இடையில் வளைந்துகொடுக்கக்கூடியது கப்ளரின் ரப்பர் ஒன்றுதான். அது எஞ்சினின் அதிர்வை வாங்குவதற்காக வைக்கப்பட்டதே தவிர, கோணலைச் சுமப்பதற்காக அன்று. டிரைவைத் திருப்பும்போது ஜாயிண்ட் மடங்கி, சாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஏற்கெனவே நலிந்த பேரிங் அந்தச் சுமையில் உறுமுகிறது. திருப்பும்போது மட்டும் சத்தம் கூடுவதற்கு இதுவே காரணம்.

டிரைவைக் கழற்றுவதற்கு முன்னால், மாற்றிய பழைய பேரிங் எங்கே என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பட்டறை மூலையில் பழைய இரும்போடு கிடக்க வாய்ப்பு உண்டு. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டுகளிலும் அவை ஓடும் பாதையிலும் செந்நிறத் துரு படிந்து, கிரீஸ் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்தப் பழைய பேரிங்கைப் பொறுத்தவரை குற்றவாளி, ஜாயிண்ட்டை மூடியிருக்கும் பெல்லோஸ் என்னும் மடிப்பு ரப்பர் குழாய், அலைன்மென்ட் அன்று. துரு இல்லாமல், ஓடுபாதையின் ஒரு பகுதி மட்டும் அதிகமாகத் தேய்ந்து பளபளத்தால், சாஃப்ட் ஒரு பக்கமாக அழுத்தி ஓடியிருக்கிறது என்று கொள்ளலாம். இப்போது உள்ளே இருக்கும் புதிய பேரிங்கைக் கழற்றும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். அதில் குண்டுகளின் இடைவெளிக்கு ஒத்தாற்போல் சீரான குழிகள் தெரிந்தால், பொருத்தியபோதே அதன் உள்வளையத்தில் சுத்தியல் விழுந்திருக்கிறது. இந்தப் பேரிங்கை வெளிவளையத்தில் மட்டும் விசை படும்படி, அதற்குரிய கருவியால்தான் அழுத்தி ஏற்ற வேண்டும். குழாய்த் துண்டை வைத்து அடித்து ஏற்றிய பேரிங் சில மணி நேரத்திலேயே உறுமத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படகில் அலைன்மென்ட் துல்லியமாகவே இருந்தது. கிரீஸ் ஏற்றும் வகைப் பேரிங்காக இருந்தால், அதன் துளை கிரீஸ் நிப்பிளின் வழியோடு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சேராவிட்டால் நீங்கள் அடிக்கும் கிரீஸ் பேரிங்கைச் சென்றடையாது.

சத்தத்தின் தன்மையும் ஓரளவுக்கு வழிகாட்டும். விடாத உறுமல் பேரிங்குக்கு உரியது. திருப்பும்போது 'டக் டக்' என்று வேகத்தோடு கூடிக் குறைவது ஜாயிண்ட்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவ கிராஸ் தேய்ந்ததற்கு உரியது. ரப்பர் கருகிய வாடையோடு எஞ்சின் சீறியும் படகு நகரவில்லை என்றால் கப்ளர் போய்விட்டது. கரையில் வைத்துச் சோதிப்பதாக இருந்தால், டிரைவின் தண்ணீர்த் துவாரங்களில் மஃப் (குழாயோடு இணையும் ரப்பர் மூடி) மாட்டிக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆல்ஃபா டிரைவில் தண்ணீர் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது; உலர்ந்த நிலையில் ஓடினால் அதன் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். பெட்ரோல் எஞ்சின் என்பதால், எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோயரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, எஞ்சின் அறையில் பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொள்வதும் கட்டாயம்.

இனி அலைன்மென்ட். படகை டிரெய்லரிலோ கட்டைகளிலோ அடிப்பாகம் எங்கும் நெளியாதபடி ஏற்றுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஆல்ஃபா டிரைவைக் கழற்றுவதற்கு முன் கியர் முன்னோட்ட நிலையில் இருக்க வேண்டும்; மெர்க்குரூசரின் இன்னொரு வகையான பிராவோ டிரைவாக இருந்தால் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆறு நட்டுகளைக் கழற்றி, இரண்டு பேராகப் பிடித்து டிரைவை நேராகப் பின்னால் இழுத்தால், ஜாயிண்ட்டும் சாஃப்ட்டும் அதோடு சேர்ந்து வந்துவிடும். சாஃப்ட் முனையின் பற்கள் கூராகவோ மழுங்கியோ தேய்ந்திருந்தால், கோணலான ஓட்டத்துக்கோ கிரீஸ் வறட்சிக்கோ அது சாட்சி. விரலைப் பேரிங்குக்குள் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல் இருந்தால் அதை மாற்றியாக வேண்டும்.

இந்த வேலைக்கென்றே அலைன்மென்ட் பார் என்ற நீண்ட உருக்குத் தண்டு இருக்கிறது. நாகர்கோவிலில் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாமே என்று தோன்றும். பேரிங்கின் உள்விட்டத்துக்கும் கப்ளர் துளைக்கும் மிகச் சரியாகப் பொருந்தி, தலை முதல் கால்வரை வளைவே இல்லாமல் கடைந்தால் அது வேலை செய்யும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வளைவு இருந்தாலும் அது உங்களை நாள்கணக்கில் ஏமாற்றும். கருவியை வாங்கிவிடுவதோ, கொச்சிப் பக்கம் இந்த வேலை செய்பவர்களிடம் இரவல் பெறுவதோ மேல் என்பது என் எண்ணம்.

பாரைப் பேரிங்குக்குள் நுழையுங்கள். கிம்பல் பேரிங் தன் கூட்டுக்குள் சற்றே அசைந்து திரும்பக்கூடியது. எனவே பாரின் வெளிமுனையை மேலும் கீழும் இடமும் வலமும் மெல்லத் தட்டி, பேரிங்கை நேர்முகமாக்குங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான்; இதைச் செய்யாமல் எஞ்சின் கோணலாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது வீண். பிறகு பாரை வெளியே எடுத்து, உள்முனையில் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, மீண்டும் செலுத்திக் கப்ளருக்குள் நுழைத்து, சுழற்றாமல் நேராக வெளியே இழுங்கள். அலைன்மென்ட் சரியாக இருந்தால், பார் கையின் லேசான அழுத்தத்திலேயே உள்ளே போகும். கிரீஸ் பூச்சின் மேல் பற்களின் தடம் சுற்றிலும் ஒரே ஆழத்தில், சீப்பால் வாரியதுபோல் வரிவரியாகப் பதிந்திருக்கும். ஒரு பக்கம் கிரீஸ் முழுதாக வழிக்கப்பட்டு உலோகம் தெரிய, எதிர்ப்பக்கம் தடமே இல்லாமல் கிரீஸ் கொழுகொழுவென்று அப்படியே இருந்தால், எஞ்சின் ஏறியோ இறங்கியோ நிற்கிறது.

சரிசெய்ய வேண்டிய இடம் எஞ்சினின் முன்பக்க மவுண்ட்டுகள். பின்பக்க மவுண்ட்டுகள் பின்பலகையின் உள்தட்டில் நிலையாக அமர்ந்திருப்பதால், அங்கே திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. முன்பக்கத்தில் பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டை இரு பக்கமும் ஒரே அளவில் அரைச்சுற்று திருப்பி, மறுபடியும் கிரீஸ் தடவிப் பாருங்கள். தடம் முன்னைவிட மோசமானால் எதிர்த்திசையில் திருப்புங்கள். மேல்கீழ்த் தடம் சீரான பிறகு, எஞ்சினைக் கையால் கால் சுற்றாகச் சுழற்றி நான்கு நிலைகளிலும் சோதியுங்கள். எஞ்சினைச் சுழற்றியும் அழுத்தத் தடம் பாரின் அதே பக்கத்தில் விழுந்தால், அது எஞ்சின் நிற்கும் நிலையின் கோணல். தடம் கப்ளரோடு சேர்ந்து சுற்றிவந்தால், கப்ளரே ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. மவுண்ட்டை எவ்வளவு திருப்பினாலும் அது தீராது. பூட்டு நட்டை இறுக்கும்போது எஞ்சின் இம்மி நகரக்கூடும் என்பதால், இறுக்கிய பின் இன்னொரு முறை பாரைச் செலுத்திப் பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள்.

இதோடு வேலை தீர்ந்ததாக நான் கருதமாட்டேன். தொழிற்சாலையில் சரியாக அமர்த்திய எஞ்சின் தானாக இடம் மாறாது. ஏதோ ஒன்று அமுங்கியிருக்கிறது, அல்லது யாரோ எதையோ விட்டிருக்கிறார்கள். முன்பக்கச் சரிசெய்யும் நட்டு மரையின் கடைசிவரை போயிருந்தால், உங்களுக்கு முன்பிருந்தவர் இதே கோணலைப் பலமுறை திருத்தித் திருத்தி ஓட்டியிருக்கிறார் என்று பொருள். மவுண்ட்டின் ரப்பர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பின்மவுண்ட்டின் அடியில் இரு பக்கமும் ஃபைபர் வாஷரும், அதன் நடுவே இரட்டைச் சுற்று ஸ்பிரிங் வாஷரும் இருக்க வேண்டும். எஞ்சினை ஒருமுறை இறக்கி ஏற்றிய படகுகளில் ஒரு பக்கத்து ஃபைபர் வாஷர் காணாமல் போயிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன். அந்தச் சிறு வாஷர் இல்லாததால் எஞ்சின் ஒருக்களித்து நிற்கும். முன்பக்கம் எவ்வளவு திருப்பினாலும் இடவலத் தடம் சீராகாது.

அதைவிடக் கவலைக்குரியது மரம். ஃபைபர் படகு என்று சொன்னாலும், பழைய படகுகள் பலவற்றில் பின்பலகைக்குள் பிளைவுட்டும், எஞ்சினைத் தாங்கும் நீளக் கட்டைகளுக்குள் மரமும் இருக்கின்றன. முன்மவுண்ட்டைப் பிடிக்கும் மர ஸ்க்ரூவை ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே கட்டை மக்கிவிட்டது. பின்பலகையைச் சுத்தியல் பிடியால் இடம்விட்டு இடம் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'டண்' என்று ஒலிக்கும். ஊறிய இடம் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் உள்பக்கமிருந்து சிறு துளையிட்டால், வரும் தூள் வெளிறி உலர்ந்திருக்க வேண்டும். கறுத்து ஈரமாக வந்தால் பலகையை மாற்றாமல் கதியில்லை. டிரைவைக் கழற்றுவதற்கு முன்பே ஒருவர் அதன் மேல் எடை போட்டு அழுத்த, மற்றவர் பின்பலகை நெளிகிறதா என்று கவனிப்பதும் நல்லது. இந்தச் சோதனைக்கு எஞ்சின் மெக்கானிக்கைவிட, படகு கட்டும் தச்சரான ஓடாவி ஒருவரை அழைப்பது பலன் தரும். 1980-களில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே, பிளைவுட் எந்த மூலையில் தண்ணீர் குடிக்கும் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். மரம் மக்கியிருந்தால் முதலில் மரவேலை, பிறகுதான் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றினால் அடுத்த 25 மணி நேரத்தில் இன்னொரு பேரிங் வாங்குவீர்கள்.

திரும்பப் பூட்டும்போது சாஃப்ட் பற்களிலும் ஓ-ரிங்குகளிலும் உரிய கிரீஸைத் தடவி, ஆறு நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் 68 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். பெல்லோஸின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்புக்குள் ஒட்டி வளரும், கூரான ஓடுள்ள கொட்டலசு டிரைவை ஏற்றி இறக்கும்போது ரப்பரைக் கத்திபோல் அறுத்துவிடும். அந்தக் குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது கிழிந்தால் பேரிங் துருப்பிடிப்பதோடு நிற்காது. தண்ணீர் பேரிங் வழியாகவே படகுக்குள் வரும், கட்டிப்போட்ட படகுகூட மூழ்கலாம். இதைச் சரிபார்க்காமல் பயணிகளை ஏற்ற வேண்டாம்.

மணக்குடியில் ஓட்டுபவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழையாறு கடலோடு சேரும் பொழியில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். புரொப்பல்லர் தட்டிவிடும் என்ற பயத்தில் டிரைவை உயரத் தூக்கிக்கொண்டு, ஆக்சிலரேட்டரையும் கூட்டிக் கடப்பது நம் பக்கத்தில் எளிதாகத் தொற்றும் பழக்கம். வள்ளத்து அவுட்போர்டு மெஷின் அதைத் தாங்கலாம். ஸ்டெர்ன்டிரைவில் டிரைவு உயர்ந்த நிலையில் ஜாயிண்ட் மிகையாக மடங்கியிருக்கும். அந்த நிலையில் 1200 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது. தென்மேற்குப் பருவ மாதங்களில் படகு சும்மா கிடக்கும்போது, டிரைவை மேலே தூக்கி வைக்காமல் முழுவதும் இறக்கியே வையுங்கள். அப்போதுதான் பெல்லோஸின் மடிப்புகள் இழுபடாமல் இருக்கும். மழைக்காலம் முடிந்து படகை இறக்குவதற்கு முன், அந்த ஆறு நட்டுகளை ஒருமுறை கழற்றிப் பாரைச் செலுத்திப் பார்த்துவிடுங்கள்.