மலைக்கு நீங்களே போகலாம், தீவுக்கு ஆள் வேண்டும்

கேள்வி: 65 வயதைத் தாண்டிய அப்பா அம்மாவை ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதிக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கும் கூட்டிப்போக நினைக்கிறேன். வழிகாட்டியோடு பல நாள் போகும் குழுச் சுற்றுலா நல்லதா, வாடகைக்குக் கார் எடுப்பது நல்லதா? கோயமுத்தூரிலிருந்து கிளம்புகிறோம்.

மலைப்பகுதி மட்டும் என்றால் கார் போதும். தீவுகளையும் சேர்த்தால் குழுவோடு போங்கள். சின்ன வண்டி, கொஞ்ச ஊர், ஒவ்வொரு ஊரிலும் இரண்டு ராத்திரி என்று இருக்கும் குழுவாகப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் காங்கேயத்துப் பக்கம். அக்கா குடும்பம் கிளாஸ்கோவில் இருக்கிறது. அப்பா ஒரு காலத்தில் தோட்டத்திலேயே செட் போட்டு விசைத்தறி ஓட்டியவர், இப்போது கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் ஆடுகளும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவருக்கும் இங்கிலீஷ் வராது. இவர்களோடுதான் போய் வந்தோம்.

மலை என்றதும் நம்மவர்கள் உயரத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஸ்காட்லாந்தின் உச்சமான பென் நெவிஸ் 1,345 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. வண்டி போகிற ரோடெல்லாம் குன்னூரைவிடத் தாழ்வுதான். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி ஏறி வால்பாறை போய் வந்தவர்களுக்கு அங்கே மூச்சு வாங்காது. குளிருக்குக் காரணம் உயரமல்ல, வடக்கே இருப்பது. கோவை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது, இன்வர்னெஸ் 57 டிகிரியில். மே மாதப் பகலிலேயே 12 முதல் 16 டிகிரி இருக்கும், அதிலும் காற்றும் சாரலும் சேர்ந்தால் நமக்கு மார்கழி விடியல்தான். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் அப்பா தூக்கம் வராமல் கஷ்டப்பட்டார். கண்ணுக்குக் கட்ட ஒரு துணிப்பட்டை எடுத்துப் போங்கள்.

ஊட்டிக்காரர்கள் யாராவது கூட வந்தால் இதைக் காட்டுங்கள். மே மாதம் ரோட்டோரம் முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் முள்செடியின் பெயர் கார்ஸ். அதோடு முள்ளில்லாத ஸ்காட்ச் புரூமும் இருக்கும். இரண்டையும் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று அவை புல்வெளியைப் பிடித்துக்கொண்டதென்று வனத்துறை வேரோடு பிடுங்குகிறது. நம் ஊரில் களை, அங்கே எல்லாரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

சரி, கார் விஷயம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். நம் லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம் வரை ஓட்டலாம். கிளாஸ்கோவிலிருந்து லாக் லோமண்ட் ஏரிக்கரை, கிளென்கோ பள்ளத்தாக்கு, ஃபோர்ட் வில்லியம், 21 கமான் வளைவுகள் தாங்கும் கிளென்ஃபின்னன் ரயில் பாலம் என்று நல்ல ரோட்டில் போய்விடலாம். ஸ்கை தீவுக்குக்கூட 1995-இல் பாலம் வந்துவிட்டது, சுங்கமும் கிடையாது. இதுவரை மச்சான்தான் ஓட்டினார், ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கு அப்பால் குழுவோடு போனோம்.

ஸ்கைக்கு அப்பால் ஹாரிஸ், லூயிஸ் பக்கம் போனால்தான் கதை மாறுகிறது. பேர்தான் இரண்டு, நிலம் ஒரே தீவு. நிறைய ரோடு ஒற்றை வழி. நடுநடுவே ஒதுங்கும் இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் உங்கள் இடது பக்கம் இருந்தால் நீங்கள் உள்ளே போக வேண்டும். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேராக நின்று எதிர் வண்டியை உள்ளே விட வேண்டும். ஆடு நடு ரோட்டில் படுத்திருக்கும், ஹாரன் அடித்தாலும் எழாது. அடுத்து, கோடையில் படகில் காருக்கு இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். காற்று அடித்தால் படகே போகாது. எங்களுக்கு ஸ்கையின் ஊயிக் துறையிலிருந்து ஹாரிஸின் டார்பெர்ட்டுக்குப் போக வேண்டிய படகு காற்றால் தள்ளிப்போனது. வழிகாட்டி அங்கேயே நின்று மூன்று நாலு போன் பேசி, தங்குமிடத்துக்குச் சொல்லி, அன்றைய திட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டார். நாங்களே போயிருந்தால் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் ரூம் தேடியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சிக்கல். லூயிஸில் கிறிஸ்தவ ஓய்வுநாளை இன்னும் கெட்டியாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஸ்டோர்னோவேயிலிருந்து உல்லாபூலுக்கு ஞாயிறு படகு ஓடத் தொடங்கியதே 2009-இல்தான், அதற்கும் எதிர்ப்பு இருந்தது. அன்றைக்குக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். திட்டத்தில் லூயிஸ் ஞாயிறன்று வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

நல்ல குழு என்றால் பதினாறு பேர் அமரும் சின்ன வண்டி. ஓட்டுபவரே வழிகாட்டி, மைக்கில் பேசிக்கொண்டே வருவார். பெரிய பஸ்ஸில் எங்கள் பெரியப்பா ஒரு பேக்கேஜில் போனார். லாக் நெஸ் ஏரியில் இறக்கிவிட்டு, ஒரு படம், ஒரு பொம்மைக் கடை, அடுத்த ஊர் என்று முடித்துவிட்டார்களாம். அப்படி என்றால் எடின்பரோவிலேயே உட்கார்ந்திருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் தங்குமிடச் செலவு சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். நிறையச் சின்னக் குழுக்களில் வண்டியும் வழிகாட்டியும் மட்டும்தான், ரூமும் சாப்பாடும் தனி. பழைய வீடுகளைத்தான் தங்குமிடமாக மாற்றியிருப்பார்கள், லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்து. கீழ்த்தளத்து ரூம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா மாதிரி ஆட்களுக்குப் பழனி படியே தேவலை. பெட்டிக்கும் எடை வரம்பு உண்டு, ஆளுக்கொன்று, அதுவும் சின்னது.

வழிகாட்டியின் இங்கிலீஷ் நமக்கே பாதிதான் புரியும். பெரியவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதனால் கதைகளைப் போவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். கிளென்கோ கதை அம்மாவுக்கு அப்படியே பிடித்துக்கொண்டது. 1692 பிப்ரவரியில் அரசுப் படையினர் மெக்டொனால்டு குலத்தாரின் வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கி, சாப்பிட்டு, சீட்டாடி, பிறகு ஒரு விடியற்காலையில் அந்த வீட்டுக்காரர்களையே கொன்றார்கள். "உண்ட வூட்டுக்கு ரண்டகம் பண்ணுனவிங்க வெளங்குவாங்களா?" என்று அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டும்வரை அம்மா திட்டிக்கொண்டே வந்தார். 1746-இல் கலோடன் போரில் மலைக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற பிறகு அவர்களின் ஆயுதத்தைப் பிடுங்கி, உடையையும் தடை செய்தார்கள். அதே மலைக்காரர்களைப் பட்டாளத்தில் சேர்த்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் திப்புவை வீழ்த்திய தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், அந்தப் படையில் ஹைலேண்ட் பட்டாளமும் இருந்தது. தீரன் சின்னமலை திப்பு பக்கம் நின்றவர் என்பதால் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை.

அப்பாவால் ஜீரணிக்க முடியாதது வேறொன்று. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அடுத்த நூறு வருடம், ஆடு மேய்த்தால் லாபம் அதிகம் என்று நிலக்கிழார்கள் குடியானவர்களை ஊர் ஊராகக் காலி செய்தார்கள். கூரை இல்லாத கல்சுவர்கள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. பலர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1886-இல் சட்டம் வந்த பிறகுதான் மீதி இருந்த சிறு குத்தகைக்காரர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் போனது. "ஆட்டுக்காக ஆளத் தொரத்துவாங்களா?" என்றார் அப்பா. அந்த நிலங்களைப் பார்க்கும்போதெல்லாம் வேலியைத்தான் பார்த்தார். நம் கொறங்காட்டில் கிளுவை வேலி, அங்கே கல் அடுக்கிய வேலியும் கம்பியும். நம் கொறங்காடு அவரவர் சொந்தம், அங்கே வீட்டையொட்டிக் கொஞ்சம் நிலமும் ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் மலையும்.

நீங்கள் எந்தக் குழுவில் போனாலும் நெசவாளர் வீடு ஒன்று திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொங்குக்காரர்களுக்கு அந்தத் தீவில் இதைவிடப் பெரிய காட்சி இல்லை. ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்கு பிரிட்டிஷ் பார்லிமென்ட் 1993-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. ஹாரிஸ், லூயிஸ் இருக்கும் அந்தத் தீவுக் கூட்டத்திலேயே சாயம் போட்டு நூற்ற கம்பளியை, அங்கேயே நெசவாளர் தம் வீட்டில் கையால் நெய்ய வேண்டும். அப்படி நெய்ததுதான் ஹாரிஸ் ட்வீட். நாங்கள் பார்த்தது வீட்டுப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரும்புத் தறி, மோட்டார் இல்லை. நெசவாளர் சீட்டில் உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதிக்கிறார், தறி ஓடுகிறது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு "நாடா இல்ல, ரேப்பியரு" என்றார். நாடாவுக்குப் பதில் ஒரு கம்பி ஊடை நூலை இழுத்துப்போகும் தறி அது. துணியைத் தொட்டால் பிசுபிசுவென்று எண்ணெய். நூற்கும்போது போட்ட எண்ணெயை மில்லில் அலசித்தான் எடுப்பார்களாம். நூலைப் பிரித்துப் பார்த்தால் ஒரே இழையில் பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் கலந்திருக்கிறது. நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயம் போட்டு, கலந்து, பிறகுதான் நூற்கிறார்கள். திருப்பூரில் மெலாஞ்ச் நூல் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பாவும் ஊடை நூலும் மில்லிலிருந்து வருகிறது, நெய்து கொடுத்தால் கூலி, துணியை மில்காரர்கள் அலசிச் சரிபார்த்து முத்திரைக்கு அனுப்புகிறார்கள். இதை நான் சொல்லச் சொல்ல அப்பா சிரித்துவிட்டார். "இது நம்ம சோமனூருக் கணக்கேதான். மீட்டருக்கு என்ன கூலின்னு கேளு." கேட்டேன். நெசவாளர் தொகையைச் சொல்லவில்லை. மில்லுக்கு ஆர்டர் இல்லாவிட்டால் பாவு வராது, தறி சும்மா கிடக்கும் என்று ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்க்கத் திணறிப் போனேன். அப்பாவுக்கு ஒரே பொறாமை, கரண்ட் பில் இல்லை என்பதில். நம் நாட்டிலும் சில துணி ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதை விசைத்தறிக்காரர்கள் எப்படி மதித்தார்கள் என்று அப்பாவிடமே கேட்கலாம், கேட்டால் பேச்சை மாற்றுவார். வழிகாட்டி அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார், அப்பா முகத்தைப் பார்த்துக் கூட்டிக் கொடுத்தார். பெரிய பஸ்ஸில் இது நடக்காது.

லூயிஸில் ஆர்னல் என்ற ஊரில் பழைய காலத்து வீடு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். மனிதரும் மாடும் ஒரே கூரைக்குக் கீழ், நடுவில் புகையும் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. எரிப்பது பீட் என்கிற மக்கிய சதுப்பு மண், வரட்டி மாதிரி வெட்டிக் காயவைத்து அடுக்குகிறார்கள். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே கடைசிவரை உள்ளேயே நின்றார். காலனிஷ் கல்வட்டம் கிட்டத்தட்ட 5,000 வருடத்துக்கு முந்தையது, கட்டாயம் பாருங்கள். ஸ்கையில் ஓல்டு மேன் ஆஃப் ஸ்டார் பாறைக்கு நல்ல ஏற்றம், முழங்கால் வலிக்காரர்கள் கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு. இறைச்சியும் பால் பொருளும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் தடை, அதனால் நெய் பாட்டிலையும் பால்கோவாவையும் வீட்டில் வையுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், கடலை உருண்டை போகலாம். ரூமில் வெந்நீர் கெட்டில் இருக்கும், சமைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். சைவம் என்றால் பருப்பு சூப் எங்கும் கிடைக்கும், ஆனால் பன்றி எலும்பு கொதித்த தண்ணீரா என்று கேளுங்கள். அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை. ஹேகிஸ் என்பது ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸும் வெங்காயமும் சேர்த்து வேகவைத்தது. ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங் ரத்தத்தில் செய்தது. குழுவில் இருந்த மற்றவர்கள் தட்டை ஒதுக்கினார்கள். ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்த அப்பா இரண்டாவது முறை வாங்கினார். எந்த மிருகத்து ரத்தம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் என்றால் மே, அல்லது ஜூன் முதல் பாதி. மேற்குப் பக்கம் அப்போதுதான் மழை குறைவு. ஜூலை ஆகஸ்டில் மிட்ஜ் என்ற பொடிக் கொசு மொய்த்துக் கடிக்கும், காற்று இல்லாத மாலையில் வெளியே நிற்க முடியாது. ரூட்டுக்குக் கொச்சி போய் துபாய் வழியாக கிளாஸ்கோ இறங்குவது எங்களுக்கு வசதியாக இருந்தது. ஷெங்கன் விசா செல்லாது, பிரிட்டன் விசா தனி. குடை எடுத்துப் போகாதீர்கள், அந்தக் காற்றில் முதல் நாளே திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் போதும். அப்புறம், ஸ்காட்லாந்து வங்கிகள் தனியாகப் பவுண்டு நோட்டு அச்சடிக்கின்றன. மீதியை அங்கேயே பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டாக மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், கோவையில் மாற்ற அலைய வேண்டியிருக்காது.