கேள்வி – பதில்

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வருபவருக்கு அமெரிக்கருக்கு இணையாகச் சம்பளம் தரவேண்டும் என்பதுதானே சட்டம்? பிறகு உள்ளூர்க்காரர்கள் ஏன் புலம்புகிறார்கள்?
– வாசகர், ஓசூர்

பதில்: சட்டம் கேட்பது, அதே வேலைக்கு அந்த நிறுவனம் மற்றவருக்குத் தரும் சம்பளம், அந்த வட்டாரத்தில் நடப்பிலிருக்கும் சம்பளம் – இரண்டில் எது கூடுதலோ அது. சிக்கல், நடப்புச் சம்பளத்தை அனுபவம், திறமைக்கேற்பப் பிரித்த நான்கு படிகளில். நெடுங்காலமாக முதல் படி, சம்பள வரிசையில் அடியிலிருந்து 17 சதவீத இடம்; இரண்டாவது 34. நடு இடமான 50 மூன்றாம் படியில்தான் வரும். அனுபவசாலியை இரண்டாம் படியில் காட்டினாலும், தொழிலாளர் துறை பார்ப்பது நிறுவனத்தின் விண்ணப்பத்தில் விடுபட்ட கட்டங்களையும் வெளிப்படையான பிழைகளையும்தான். 7 வேலை நாளில் சான்று வந்துவிடும்.

இன்னொரு ஓட்டை பெரியது. 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பிக்காரர்கள் என்றால், ‘உள்ளூர்க்காரரை நீக்கி அந்த இடத்தில் வைக்கமாட்டேன்’ என உறுதிமொழி தரவேண்டும். அந்த எச்-1பிக்காரருக்கு ஆண்டுச் சம்பளமாக 60,000 டாலர் கொடுத்தால் அதுவும் வேண்டாம்! 1998இல் வைத்த தொகை; விலைவாசிக்கேற்ப ஏற்றவே இல்லை.