சிங்கப்பூரில் அம்மாவுக்கு வீட்டுப் பராமரிப்புச் சேவை எடுத்திருக்கிறோம். பாதுகாப்பாகச் செய்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியில் உள்ள விவரம் இது: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூக்குவழிக் குழாயில் பால் போகிறது. காலையில் நிறுவனத்திலிருந்து ஒரு பராமரிப்பாளர் வருகிறார், மீதி நேரம் வீட்டுப் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் வேலைக்குப் போகிறவர்கள்.

காகித விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதற்கு அதிக நேரம் ஆகாது. தாதி என்று சொல்லி வருகிறவர் சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தில் பதிவு பெற்றவரா, நடப்பு ஆண்டுக்கான பணிச் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று வாரியத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு மருத்துவர் வருகிறார் என்றால், அந்தச் சேவைக்கு 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் இருக்க வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, பேம்பர்ஸ் மாற்றுவது போன்றவற்றைச் செய்யும் பராமரிப்பாளருக்கு இப்படிப்பட்ட பதிவேடு கிடையாது. அவருடைய திறமைக்கு நிறுவனம்தான் பொறுப்பு. ஆகவே யார் பயிற்சி கொடுத்தார், எந்தத் தாதி மேற்பார்வை செய்கிறார், அவர் கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்து பார்த்தார் என்று நிறுவனத்திடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சுகாதார அமைச்சு 2015இல் வீட்டுப் பராமரிப்புக்கென்றே வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டிருக்கிறது. "அதன்படி அம்மாவுக்கு எழுதிய பராமரிப்புத் திட்டத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தாளை எடுத்து நீட்ட முடியாமல் தடுமாறினால் அதுவே ஒரு பதில்.

ஆனால் காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் படுக்கையருகே தவறு நடக்கும். தரம் தெரிகிற இடம் கைவேலைதான். விடுமுறை எடுத்தாவது ஒரு காலை முழுக்கப் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன பார்ப்பது என்று தெரிந்து பார்க்க வேண்டும், அதற்காகத்தான் கீழே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை மிக ஆபத்தான வேலை குழாய்வழி உணவு. குழாயின் நுனி இரைப்பையில் இல்லாமல் நகர்ந்து மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தால், ஊற்றுகிற பால் நேராக நுரையீரலுக்குப் போகும். அதனால் ஒவ்வொரு வேளையும் பால் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, மூக்கு ஓரத்தில் குழாயில் தெரியும் சென்டிமீட்டர் அளவு, போட்ட அன்று எழுதி வைத்த அளவுதானா? இரண்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் இரைப்பை நீரை உறிஞ்சி பிஎச் தாளில், அதாவது அமில அளவை நிறத்தால் காட்டும் தாளில், சொட்டுவிட்டு நிறம் பார்ப்பது. 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கொடுக்கலாம். சில மருத்துவமனைகள் 5 என்று சொல்லியிருக்கும், உங்களுக்குச் சொன்ன அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். முந்தைய பாலோ மருந்தோ கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பால் கலந்து அளவு ஏறிக் காட்டும். அம்மா ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். அதைத் தாதியிடம் முன்கூட்டியே சொல்லி, அப்படி வந்தால் என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீர் வரவில்லையா? அம்மாவை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, சிரிஞ்சால் 10 முதல் 20 மில்லி காற்று செலுத்தி, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி உறிஞ்சலாம். அப்போதும் வரவில்லை என்றால் பால் கிடையாது, தாதியைக் கூப்பிட வேண்டும். "காற்று ஊதி வயிற்றில் சத்தம் கேட்டேன், சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் ஏறக்குறைய அதே சத்தம்தான் கேட்கும். நழுவி வெளியே வந்த குழாயைப் பணிப்பெண்ணோ பராமரிப்பாளரோ திரும்பத் தள்ளிவிடவே கூடாது. குழாய் போடுவது அதற்குப் பயிற்சி பெற்ற தாதியின் வேலை.

கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கணும், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. உடனே படுக்க வைத்துப் பேம்பர்ஸ் மாற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. மாற்றுவதைப் பாலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சிரிஞ்சில் பாலை அழுத்தித் தள்ளக் கூடாது, தானாக இறங்கட்டும், 20 முதல் 30 நிமிடம் ஆகும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர், மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருந்தால் அவர் சொன்ன அளவு. நடுவில் இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல் எது வந்தாலும் குழாயை மடித்து நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். நம்மூர்ச் சூட்டில் திறந்த பால் டின்னை மேசையிலேயே விடக் கூடாது. மூடி ஐஸ்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை இடித்துக் கொடுத்தால் ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே மணி நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்று மருந்தாளரிடம் கேட்டு உறையின்மேல் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று இன்சுலின். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், குழாயைச் சோதித்து, பால் போகும் என்று உறுதியான பிறகுதான் ஊசி. ஊசியைப் போட்டுவிட்டுக் குழாய் சரியில்லை என்று தெரிந்தால், வாயில் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்க முடியாமல் நிற்பீர்கள். இரத்தச் சர்க்கரை அளவு 4.0 mmol/Lக்குக் கீழே போய்ப் பாதுகாப்பாகக் கொடுக்க வழியில்லை என்றால் காத்திருக்காமல் 995ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது தூக்குவதும் நகர்த்துவதும். பராமரிப்பாளர் அம்மாவைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் அந்த இரண்டு நிமிடத்தைக் கண்கொட்டாமல் பாருங்கள். நாற்காலி அம்மாவின் நல்ல பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில், படுக்கைக்குச் சற்றுச் சாய்வாக நிற்க வேண்டும். இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும், கால்வைக்கும் தட்டு மடித்திருக்க வேண்டும். அம்மாவின் இரண்டு பாதமும் தரையில் பட்டிருக்கிறதா, காலில் வழுக்காத செருப்பு இருக்கிறதா? இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். அக்குளில் கை கொடுத்து, அல்லது செயலிழந்த வலக்கையைப் பிடித்து இழுத்தால், தசை தளர்ந்துபோன அந்தத் தோள்மூட்டு நழுவிவிடும். பிறகு வரும் வலி மாதக்கணக்கில் போகாது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி அம்மாவையும் சேர்த்து எழவைக்கிறவர் பயிற்சி பெற்றவர். மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்குகிறவர் அம்மாவையும் கெடுத்துத் தன் முதுகையும் கெடுத்துக்கொள்வார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளியலறை வாசற்படியும் ஈரத் தரையும்தான் விழ வைக்கும் இடங்கள். வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைப் பூச்சு, சிறு சரிவுப் பாதை எல்லாம் மானிய விலையில் போட்டுத் தருகிறார்கள். வீட்டில் 65 வயதானவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அன்றாடக் காரியத்துக்கு உதவி தேவைப்படுகிறவர் என்றால் 60லிருந்தே முடியும். வென்னீரை முதலில் பராமரிப்பாளர் தன் முழங்கையில் விட்டுப் பார்த்த பிறகே அம்மாமேல் ஊற்ற வேண்டும். உணர்ச்சி குறைந்த பக்கத்துக்குச் சூடு தெரியாது.

படுக்கைப் புண் பற்றி நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சிவந்திருக்கிறதா பார்" என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லிக் கொடுப்பது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கருமை கூடியோ ஊதா பாய்ந்தோ இருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முதுகுத்தண்டின் அடி, இடுப்பெலும்பு, குதிகால், காது, குழாய் உரசும் மூக்குத் துவாரம், இந்த இடங்களை நல்ல வெளிச்சத்தில் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது பொதுவாகச் சொல்லும் அளவு. முழுப் பக்கவாட்டாகப் போடாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வாகப் போட்டால் இடுப்பெலும்பில் பாரம் இறங்காது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாமல் இருக்கும். நிறம் மாறிய இடத்தில் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்க்கும் வழக்கத்தை அன்போடுதான் செய்கிறோம். ஆனால் அங்கே உள்ளே ஏற்கெனவே நசுங்கிய திசு, தேய்த்தால் இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை வைத்த வளைய மெத்தையும் வேண்டாம், சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை அது நெருக்கிவிடும்.

விழுங்கும் திறனைச் சோதிக்கும் சிகிச்சையாளர் பார்த்துவிட்டு வாய்வழி கொடுக்கலாம் என்று சொல்லும் நாள் வந்தால், உணவும் திரவமும் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் ஐடிடிஎஸ்ஐ என்ற 0 முதல் 7 வரையிலான தரவரிசையில் ஓர் எண் சொல்வார். அந்த எண்ணைப் பராமரிப்பாளரும் பணிப்பெண்ணும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். திரவம் சரியான கெட்டியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அந்தச் சோதனைக்கான 10 மில்லி சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி விட வேண்டும். 4 முதல் 8 மில்லி மீந்தால் அது 2ஆம் நிலை. 8க்கு மேல் மீந்தால் 3ஆம் நிலை. சிரிஞ்சுகளின் நீளம் வேறுபடும், ஆகவே எந்தச் சிரிஞ்ச் என்று சிகிச்சையாளரிடமே கேட்டு வாங்குங்கள். ரசம் சாதம் மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு. ஒரே வாயில் தண்ணீரும் பருக்கையும் சேர்ந்து வருவதுதான் இப்படிப்பட்டவர்களுக்கு மிகக் கடினம். ஜெல்லியும் ஐஸ்கிரீமும் வாய்க்குள் உருகித் தண்ணீராகிவிடும்.

உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: ஆக்சிஜன் எந்திரம் ஓடும் அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி கூடாது. நெருப்பு 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சின்ன வீட்டில் அது முடியாது என்றால் மின்விளக்கு ஏற்றுங்கள்.

குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். எல்லா நாளும் "பால் கொடுத்தேன், நன்றாக இருக்கிறார்" என்று ஒரே வரி இருந்தால் அது பதிவு ஆகாது. நேரம், குழாய் அளவு, பிஎச், எத்தனை மில்லி, எந்தப் பக்கம் படுக்க வைத்தார், தோல், சிறுநீர், மலம், இத்தனையும் வேண்டும். பிஎச் நாள்தோறும், வேளைதோறும் அச்சடித்ததுபோல ஒரே எண்ணாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பிறகு தாள் பெட்டியில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், வேளைக் கணக்கோடு பொருந்த வேண்டும்.

ஆள் மாறும் நாள்தான் என்னைக் கேட்டால் மிகவும் கவனிக்க வேண்டிய நாள். வழக்கமானவர் வராவிட்டால் யார் வருவார், அவருக்கு அம்மாவின் விவரம் எப்படிப் போய்ச் சேரும் என்று ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் வலி, மூச்சு முட்டுது, தலை சுத்துது, ஒண்ணுக்கு என்ற நாலைந்து சொற்களை, வருகிற பராமரிப்பாளருக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிப் படுக்கையருகே ஒட்டிவிடுங்கள். "ஏதோ பாட்டி முணுமுணுக்கிறார்" என்று விடப்பட்டது நெஞ்சுவலியாக இருக்கலாம்.

பணிப்பெண்ணையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போடும் பெண்ணுக்குப் பகலில் உறக்கம் கிடைக்காவிட்டால் பிஎச் தாளைப் பார்க்கும் கண் மங்கும். 2023 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, விட்டே ஆக வேண்டும். அந்த நாளுக்கு மாற்று ஏற்பாட்டை இப்போதே செய்யுங்கள். கேமரா வைத்தால் எங்கே வைத்திருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தூங்கும், உடை மாற்றும் இடத்தில் வைக்கக் கூடாது.

தவறு நடந்தால் முதலில் நிறுவனத்தின் மேற்பார்வைத் தாதிக்கு எழுத்தில் அனுப்புங்கள்: தேதி, நேரம், என்ன நடந்தது, படம். என்ன நடந்தது, ஏன், இனி என்ன மாற்றுவார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் (ஏஐசி) 1800 650 6060 எண்ணில் பேசலாம், வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழி சொல்வார்கள். அடி, மிரட்டல், பட்டினி போடுவது என்ற சந்தேகம் இருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800 777 0000 எந்நேரமும் எடுக்கப்படும். உயிருக்கு ஆபத்து என்றால் போலீசுக்கு 999. புகார் கொடுப்பதற்கு முன் குறிப்பேட்டின் எல்லாப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது நிறுவனத்தின் புத்தகம் என்றால் அவர்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடும்.