பாணும் பூஞ்சணமும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மாரி தொடங்கிவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் பாண் இரண்டாம் நாளே பூக்கிறது என்கிறார்கள். முப்பது வருடம் போறணைக்கு முன்னால் நின்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

பரந்தன் தம்பி: அண்ணை, பாண் பூக்காமல் இருக்கப் போடுகிற தூள், கல்சியம் புரொப்பியனேற்று, ஒரு மூட்டை மாவுக்கு எவ்வளவு?

50 கிலோ மூட்டைக்கு 50 முதல் 150 கிராம். மாரிக்கு அந்த அளவுக்குள் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் தராசில் நிறுத்துப் போடுங்கள். கைக்கணக்கில் கூடிப்போனால் பாணில் ஒரு புளித்த மணம் வரும், ஈஸ்ட்டும் சோம்பிவிடும். இன்னொன்று, இது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து இல்லை, வளரவிடாமல் மறிக்கும், அவ்வளவுதான். மாக்கலவை சற்றுப் புளிப்பாக இருந்தால்தான் அதுவும் நடக்கும். பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, அது கூடினால் புளிப்புக் குறைவு) 5.5க்கு மேலே போனால் பலன் குறைந்துவிடும்.

போறணைச் சூட்டில் பூஞ்சண வித்துகள் செத்துப்போகும். திரும்ப ஏறுவது ஆறவைக்கிற மேசையிலும் வெட்டுகிற கத்தியிலும்தான். மேசையைக் கழுவுங்கள். சூடாற முன் பாணைப் பையில் போடாதீர்கள்.

புதுக்குடியிருப்புத் தங்கச்சி: கேக்குக்கும் இதுவா?

பேக்கிங் பவுடர் போடுகிற கேக் என்றால் சோடியம் புரொப்பியனேற்று. கல்சியம் அந்தப் பவுடரின் வேலையைக் குழப்பும்.

முழங்காவில் ஐயா: பூஞ்சணத்தை மறிக்கிற இன்னொரு தூள், பொட்டாசியம் சோர்பேற்று, கைவசம் இருக்கிறது. பாணுக்குப் போடலாமா?

மாவில் போடாதீர்கள் ஐயா, ஈஸ்ட்டையும் அடக்கிவிடும். பழரசத்துக்கு வைத்திருங்கள்.

மாங்குளம் அக்கா: இந்தப் புரொப்பியனேற்று உடம்புக்குக் கூடாதாமே?

நார்ச்சத்துச் சாப்பிட்டால் நம் பெருங்குடல் கிருமிகளே இந்தத் தூளுக்கு மூலமான புரொப்பியனிக் அமிலத்தைத் தயாரிக்கின்றன. சொன்ன அளவில் போட்டால் பயமில்லை. பூஞ்சணத்துக்குத்தான் நான் பயப்படுவேன்.

விசுவமடு அக்கா: பாணில் பூத்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். அம்மம்மா அப்படித்தான் தந்தவ.

பாண் மெது, அக்கா. மேலே பச்சையாகத் தெரிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே ஓடிவிடும். முழுவதையும் எறியுங்கள்.

ஒட்டுசுட்டான் தம்பி: அப்போ கச்சான்? ஈரத்தில் பூத்ததை நன்றாக வறுத்தால் சரிதானே?

சரியில்லை! கச்சானில் வருகிற ஒருவகைப் பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை விடும். வறுத்தால் அது முழுதாகப் போகாது, ஈரலுக்குக் கேடு. கச்சானுக்குத் தூளும் வேண்டாம், பிடுங்கியவுடன் வெயிலில் நன்றாகக் காயவிட்டால் போதும்.

விசுவமடு அக்கா: பூத்த பாணை எறிய மனமில்லை. கோழிக்குப் போடலாமே?

1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம், தீனியில் கலந்திருந்த பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கு. அந்த நஞ்சைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். வான்கோழியும் கோழிச்சாதிதானே அக்கா?

விசுவமடு அக்கா: அம்மம்மா தொண்ணூறு வயது வரை இருந்தவ.

அம்மம்மாவின் கோழி?

வவுனியா தம்பி: அண்ணை, ஒரு மூட்டைக்கு எவ்வளவு போடவேண்டும்?

பரந்தன் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள். பாணை ஆறவிட்டீர்களா?