விடுதியை விட்டு வந்துவிட்டான் மகன். பணமும் சான்றிதழும் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் சென்னைக்கு அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு படிக்கிறான். பல்கலைக்கழக விடுதியில்தான் சேர்த்தோம். ஆண்டுக் கட்டணம் 1,10,000 ரூபாயில் முதல் தவணையாக 70,000 ரூபாயும், காப்புத் தொகையாக 10,000 ரூபாயும் கட்டினேன். சீனியர்கள் இரவில் ரூமுக்குக் கூப்பிட்டு ரெக்கார்டு நோட்டு எழுதச் சொல்கிறார்கள் என்று நாற்பதாவது நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டான். படிப்பை விடவில்லை, தினமும் கல்லூரிக்குப் போகிறான். பணத்தைக் கேட்டால், ‘திருப்பித் தர இயலாது என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், மீதி 40,000 ரூபாயையும் கட்டினால்தான் ஹால் டிக்கெட்’ என்கிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் அசலும் அவர்களிடம் இருக்கிறது. என்ன செய்வது? - ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்.

பதில்: ஐயா, கடிதம் முழுக்கப் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ரெக்கார்டு நோட்டு விஷயம் ஒரே வரியில் வந்து போகிறது. உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அடித்தால்தான் ராகிங் என்று பலரும் நினைக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிமுறைகளில், சீனியர்களுக்கு உரிய பாட வேலைகளைப் புதிய மாணவரைச் செய்ய வைப்பதும் ராகிங் என்றே எழுதப்பட்டிருக்கிறது. முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும், அதற்கு வழியில்லாவிட்டால் சீனியர்கள் அங்கே வந்து போவதை வார்டனும் காவலர்களும் கண்காணிக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைதான். உங்கள் மகன் இருந்த இடத்தில் இது நடந்ததா? நடக்கவில்லை என்றால், தங்கள் கடமையைச் செய்யாதவர்கள் உங்கள் கையெழுத்தைக் காட்டிப் பேசுகிறார்கள் என்று பொருள்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் விடுதியில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்த 1997-ம் ஆண்டுச் சட்டம் அது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரையும் அச்சட்டம் குற்றத்துக்கு உடந்தையாகவே பார்க்கிறது. ஆனால் நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. வார்டனிடம் வாய்மொழியாகச் சொன்னது நாளைக்கு நினைவில்லாமல் போகும். தம்பியை உட்காரவைத்து எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, யார் யார், யாருடைய நோட்டு என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். செல்போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்கக் கூடாது. பையன் பயந்தால் வற்புறுத்த வேண்டாம். 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது, முதலில் அங்கே பேசட்டும்.

இனி பணம். மானியக் குழுவின் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிய 2018-ம் ஆண்டு அறிவிப்பைக் காட்டி 50 சதவீதம், 80 சதவீதம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கு படிப்பையே விட்டு விலகுபவர்களுக்கு உரியது. உங்கள் மகன் படிப்பைத் தொடர்வதால் அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது, அதை நம்பி நோட்டீஸ் அனுப்பாதீர்கள். உங்களுக்குக் கைகொடுப்பது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது என்கிறது அது. அறைக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவர்கள் பிடித்துக்கொள்ள வாதம் இருக்கலாம். சாப்பிடாத பத்து மாதச் சாப்பாட்டுக்கு மெஸ் பணம் கேட்பது எந்த வகையில் நியாயம்? பொருட்சேதமோ பாக்கியோ இல்லாதபோது காப்புத் தொகையை வைத்துக்கொள்ளவும் காரணமில்லை. மாணவரைப் பாதுகாக்கத் தவறிய விடுதியிலிருந்து அவர் வெளியேறியதை ஒப்பந்த முறிவு என்றே சொல்லக் கூடாது என்பது என் வாதம்.

சான்றிதழ் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். அதே 2018 அறிவிப்பின்படி அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். பணப் பாக்கிக்கு அதை ஈடாக வைத்துக்கொள்ள முடியாது.

மூன்றையும், அதாவது ராகிங், பணம், சான்றிதழ் ஆகியவற்றைத் தனித்தனி மனுவாக எழுதுங்கள். ஒன்றாகக் கலந்தால் கட்டணத் தகராறு என்று சொல்லி எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடுவார்கள். ராகிங் புகார் பதிவாளருக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் போகட்டும். மற்ற இரண்டும் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு. மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி அக்குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்பர்சன்) மேல்முறையீடு செய்யலாம். எல்லாவற்றையும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு முதலில் போக வேண்டாம் என்பேன். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருமா என்பதே வாதத்துக்கு உரியது, அங்கேயே காலம் ஓடிவிடும்.

ஹால் டிக்கெட் எப்போது தருவார்கள் என்று இன்றே விசாரியுங்கள். இரண்டு வாரம் இருக்கும்போதும் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்திலோ மின்னஞ்சலிலோ வாங்கிக்கொண்டு, கொடுத்த மனுக்களின் நகல்களோடு வழக்கறிஞரைப் பார்த்து உயர் நீதிமன்றத்தில் அவசர ரிட் மனு போட ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை அந்த 40,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். நெருக்கடியில் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, அந்த நகலில் அலுவலக முத்திரை வாங்கிவிட்டுக் கட்டுங்கள்.