மொட்டை மாடி விசேஷத்துக்கு ஐஸ்: ஆள் கணக்கு வேண்டாம், லிட்டர் கணக்கு போடுங்கள்

மகனுக்கு முதல் பிறந்தநாள், மே மாதம், மொட்டை மாடியில் சாயங்காலம், 150 பேர் வருவார்கள், ஆளுக்கு அரைக் கிலோ ஐஸ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் கணக்கு பிரியாணிக்குச் சரி. ஐஸுக்கு ஆகாது. எத்தனை லிட்டரைக் குளிர வைக்கப் போகிறீர்கள், அது இப்போது எவ்வளவு சூட்டில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு.

நீங்கள் எழுதவில்லை என்றாலும் உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புரிகிறது. ஒரே பிரிட்ஜ். அதன் ப்ரீசரில் நாலு தட்டு ஐஸ் வைக்கத்தான் இடம். தண்ணீர் பாட்டில்கள் மத்தியானமே வந்து மாடிப்படியில் அடுக்கிக் கிடக்கும். மே மாத வெயிலில் அந்தத் தண்ணீர் 34 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கே 80 கலோரி வெப்பத்தை இழுக்கும். உருகின தண்ணீர் 10 டிகிரிக்கு ஏறும்போது இன்னொரு 10 கலோரி. மொத்தம் 90. உங்கள் 34 டிகிரித் தண்ணீரை 10 டிகிரிக்கு இறக்க கிராமுக்கு 24 கலோரி போக வேண்டும். அப்படியென்றால் ஒரு லிட்டருக்குக் கால் கிலோ ஐஸும் கொஞ்சமும். இது எதுவும் வீணாகாவிட்டால். வழியில் உருகும், உடைக்கும்போது சிதறும், பாட்டிலும் ஐஸும் போட்ட டிரம்மின் மூடியைப் பிள்ளைகள் திறந்துகொண்டே இருப்பார்கள். அதனால் லிட்டருக்கு அரைக் கிலோ என்று போட்டுவிடுங்கள். 300 மி.லி. பாட்டில் 200 என்றால் 60 லிட்டர், ஜூஸ் ஒரு 30 லிட்டர். ஆக 45 கிலோ. ஐஸ் கம்பெனியில் ஒரு பார், அதாவது ஒரு முழு ஐஸ் கட்டி, 50 கிலோ. ஒரு பார் போதும். பாட்டில் கடைக்காரர் முந்தின ராத்திரியே தன் கூலரில் வைத்துத் தருவார் என்றால் அதில் பாதி போதும்.

இது வெளியே வைத்துக் குளிரூட்டும் ஐஸ் மட்டும். தம்ளருக்குள் போடும் ஐஸ் வேறு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

எனக்குத் தூத்துக்குடி. எங்கள் ஊரில் ஐஸ் என்றாலே மீன்தான் ஞாபகம் வரும். அக்கா மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு, தாய்மாமன் என்ற முறையில் குடிக்கிற சமாச்சாரம் முழுக்க என் பொறுப்பு. 400 பேர். தண்ணீர் பாட்டில் 500, ரோஸ்மில்க் 60 லிட்டர். மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு பார் சொன்னேன். தம்ளருக்கு என்று, குடிநீரில் செய்து பையில் அடைத்து வரும் சின்னக் கட்டி ஐஸ் தனியாக 25 கிலோ. பெரியப்பா பார்த்துவிட்டு, "என்னல, சீலா மீன் லோடு ஏத்தப் போறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அத்தானுக்கோ, பை ஐஸ் விலையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. பார் ஐஸே அவ்வளவு இருக்கும்போது இது எதற்கு என்றார்.

எதற்கு என்றால் இதற்குத்தான். சாயங்காலம் சமையல் மாஸ்டர் பாரை உடைத்து அப்படியே ரோஸ்மில்க் அண்டாவுக்குள் போட வந்தார். நான் அண்டாவை மறித்து நின்றேன். "எல்லாக் கல்யாணத்துக்கும் இதத்தான் போடுதோம் அண்ணாச்சி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவருக்குக் கோபம். அவர் வேலையில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பார் எப்படி வருகிறது என்று நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிய தகர டப்பாவில் உறைய வைப்பார்கள். எடுத்ததும் தரையில் தள்ளிக்கொண்டே போவார்கள். கொக்கி போட்டு இழுத்து, மீன் ஏற்றின அதே வண்டியில் ஏற்றுவார்கள். மீனுக்கு அது சரி. குழந்தை குடிக்கிற பாலுக்கு எப்படிச் சரியாகும்? உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எல்லாம் சாகாது, உருகினதும் பல கிருமிகள் திரும்ப வேலையைத் தொடங்கும். கண்ணாடி போல இருந்தால் சுத்தமான ஐஸ் என்பதும் தவறு. உறையும்போது காற்று சிக்கினால் வெள்ளையாக இருக்கும், சிக்காவிட்டால் தெளிவாக இருக்கும். தண்ணீரின் சுத்தத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தில் 2018-ல், சாப்பிடக் கூடாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால்தானே அது?

கடைசியில் ரோஸ்மில்க் அண்டாவை அதைவிடப் பெரிய அண்டாவுக்குள் இறக்கி, சுற்றிலும் பார் ஐஸைப் போட்டோம். உள்ளே ஒரு துண்டு விழவில்லை. தம்ளரில் கேட்டவர்களுக்குப் பை ஐஸ். ராத்திரி கடைசிப் பந்திவரை ஜில்லென்று போனது. பெரியப்பா மூன்று தம்ளர் குடித்தார். எனக்கு அதில் பெருமைதான்.

பை ஐஸும் எல்லாம் யோக்கியமா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பையில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் தம்ளரில் ஐஸே வேண்டாம், பாட்டிலைக் குளிர வைத்துக் கொடுத்தாலே போதும். மண்டபத்தில் ப்ரீசர் இருக்குமே என்பவர்களுக்கு: இவர் கேட்பது மொட்டை மாடிக்கு.

மண்டபம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ரிசப்ஷன் முடிந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் போனால், ஐஸ் தண்ணீரால் தரை ஈரமானது என்று 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். டிரம்மிலிருந்து டியூப் போட்டு நேராகச் சாக்கடைக்கு விட்டிருந்தோம், தரையில் ஒரு சொட்டு இல்லை. ஜெனரேட்டருக்கு யூனிட் கணக்கில் தனிக் காசு, துப்புரவுக்குத் தனிக் காசு, அவர்கள் சொல்கிற டெக்கரேஷன் ஆளைத்தான் வைக்க வேண்டும். பெண் வீட்டுக்காரர்கள் கல்யாண நேரத்தில் சண்டை போட மாட்டார்கள் என்று தெரிந்தே செய்கிறார்கள். நீங்கள் வீட்டு மாடியில் வைப்பது நல்ல முடிவு.

சரி, மாடி விஷயம். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி எட்டு மணிவரை சூட்டைக் கக்கும். டிரம்மைத் தளத்தில் நேராக வைக்காமல், பலகை போட்டு அதன்மேல் சாக்கு விரித்து வையுங்கள். பாரை முழுசாகவே வாங்கி, சணல் சாக்கில் சுற்றி, மரத்தூளோ உமியோ கொட்டி நிழலில் வைத்தால் மெதுவாகத்தான் உருகும். இப்படிப் பொதிந்து வைப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1833-ல் போஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு நாலு மாதம் கப்பலில் வந்த 180 டன் ஐஸில் சுமார் 100 டன் மிஞ்சியது. வெயில் கடல் தாண்டி வந்த ஐஸ் அது.

விருந்தாளிகள் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பாரைக் குத்தி உடைத்து, ஒரு தட்டு பாட்டில், ஒரு தட்டு ஐஸ் என்று அடுக்குங்கள். அப்புறம் டிரம்மில் தண்ணீரும் ஊற்றுங்கள். வெறும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே காற்று நிற்கும், பாட்டில் குளிர நேரமாகும். தண்ணீர் பாட்டிலை முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பதால் சீக்கிரம் குளிரும். எல்லாப் பாட்டிலையும் ஒரேயடியாகப் போடாமல் பாதிப் பாதியாகப் போடுங்கள்.

ஐஸ்கிரீம் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது இந்தக் கணக்கில் வராது. உருகுகிற ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் நிற்கும், ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 வேண்டும். பார் ஐஸில் புதைத்து வைத்தாலும் கூழாகிவிடும். கல்லுப்பு கலந்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும், ஆனால் மூன்று மணி நேர விசேஷத்துக்கு அதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? ஐஸ்கிரீம் வாங்கும் கடையிலேயே குளிர்பெட்டியோடு கொடுத்து மறுநாள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு டெபாசிட் கேட்டால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.