கடைசல் சமையல் சாமான்களுக்கு எந்த மரம்? கேள்வி பதில்

கேள்வி (சென்னை): வெளிநாட்டு மரத்துண்டுகள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. பர்ப்பிள்ஹார்ட், படாக், வெங்கே, ஒலிவ மரம் எல்லாம் பார்க்க அழகாக இருக்கின்றன. பூரிக்கட்டையும் சாலட் கிண்ணமும் கடைய எதை வாங்கலாம் அண்ணா?

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். சாப்பாட்டுச் சாமானுக்கு முதலில் பார்க்க வேண்டியது துளை. மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தைக் கூரான பிளேடால் ஒரு சீவு சீவி, நாக்கு ஈரம் அளவுக்கு நனைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஊசி குத்தியது போலத் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தால், மாவும் மசாலாவும் அதில்தான் போய்க் குடியிருக்கும். வெங்கே அப்படிப்பட்ட மரம். அதன் சிலாம்பு விரலில் ஏறினால் சீழ் வைக்கவும் கூடும். கிண்ணத்துக்கு வேண்டாம், கத்திப் பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூரிக்கட்டைக்கு ஹார்ட் மேப்பிள் நல்லது. துளை மிக நுண்ணியது, கன மீட்டருக்குச் சுமார் 700 கிலோ எடை. நம் ஊரில் அதே வேலையைச் செய்வது மஞ்சக்கடம்பு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை வழிவழியாகக் கடைந்த மரம் அது. உளி பட்டால் வெண்ணெய் போல் சீவல் வரும், ரேகை பிய்யாது. சன்னபட்டணத்துக் கடைசல்காரர்கள் பயன்படுத்தும் வெப்பாலையும் இதே ரகம்தான். மேப்பிளுக்குக் கப்பல் கூலி கொடுக்கும் முன் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

கிண்ணத்துக்கு ஒலிவ மரம் அருமை. கனம் கன மீட்டருக்கு 990 கிலோ வரை போகும், நெருக்கமான இழை, எண்ணெய்ப் பசை. ஆனால் மெதுவாகத்தான் காயும், அவசரப்பட்டால் வெடிக்கும். நடுத்தண்டு, அதாவது சோறு, உள்ள துண்டை விற்றால் வாங்காதீர்கள்.

வாங்கிய எந்த மரத்தையும் கடைவதற்கு முன் இப்படிச் சோதியுங்கள்: 320 எண் உப்புத்தாள் வரை தேய்த்த ஒரு சிறு துண்டில் மஞ்சள்தூள் கலந்த நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். இன்னொரு துண்டை வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். முதல் துண்டில் கறை எவ்வளவு நிற்கிறது, இரண்டாவதில் தண்ணீர் என்ன நிறமாகிறது என்பதைப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

கேள்வி (கோவை): பர்ப்பிள்ஹார்ட்டில் கடைந்த மத்தின் கைப்பிடி முதலில் சாம்பல் பூத்திருந்தது, பிறகு நல்ல ஊதா ஆனது, இப்போது பழுப்பாகிவிட்டது. மரம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அதன் சுபாவமே அதுதான். அறுத்தவுடன் மங்கலாக இருக்கும், காற்றும் வெளிச்சமும் பட்டு ஊதா ஏறும், வெயில் தொடர்ந்து பட்டால் பழுப்பாகும். ஜன்னலோரத்தில் தொங்கவிடாதீர்கள். மேல்தோலை லேசாகச் சீவினால் உள்ளே நிறம் இருக்கும். மொண்ணை உளியால் இந்த மரத்தைத் தொடாதீர்கள்: சூடேறினால் பிசின் கசிந்து உளியில் ஒட்டும், மரமும் கருகும். அடிக்கடி தீட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): படாக்கையும் மேப்பிளையும் வரிவரியாக ஒட்டி மிளகு அரைக்கும் மில் கடைந்தேன். தேய்த்து முடித்ததும் வெள்ளை மரம் முழுக்க ஆரஞ்சுத் திட்டு. எப்படி எடுப்பது?

படாக் தூளில் சாயம் இருக்கிறது. ஸ்பிரிட்டிலும் தின்னரிலும் கரைந்து பக்கத்து மரத்தின் துளைக்குள் இறங்கிவிடும். துணியில் தின்னர் நனைத்துத் துடைத்திருந்தால் திட்டு வந்தது அதனால்தான். இப்போது 180 உப்புத்தாளிலிருந்து திரும்பத் தொடங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே ஏர் கம்ப்ரசரால் தூளை ஊதுங்கள். துடைக்காதீர்கள். ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) பூசினால் முதல் கையை வெள்ளை மரத்தில் மட்டும் சிறு தூரிகையால் பூசிக் காயவிட்டு, பிறகு முழுவதும் பூசுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பச்சை மாமரத்தில் கிண்ணம் கடைந்தேன். இரண்டே வாரத்தில் முட்டை வடிவமாகி, விளிம்பில் வெடித்தும் விட்டது. ஏன்?

காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டம் கோணுவது அதனால். வெளிப்புறம் முந்திக் காய்ந்து உட்புறம் பிந்தினால் வெடிக்கும்.

இதற்கு இரண்டு தடவைக் கடைசல்தான் வழி. முதல் தடவை சுவர்த் தடிமனை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வையுங்கள்: 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். சுவர் முழுவதும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும், அடியில் மட்டும் தடித்து நின்றால் அங்கேயே பிளக்கும். சக்கில் (கடைசல் இயந்திரத்தின் பிடிப்பானில்) பிடிக்கும் அடிக்கட்டையையும் சற்றுப் பெரிதாக விடுங்கள், அதுவும் கோணும். குறுக்கு ரேகை தெரியும் இடங்களிலும் விளிம்பிலும் உருக்கிய மெழுகைப் பூசுங்கள். பிறகு அந்தக் கிண்ணத்தின் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டுக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு, தேதியோடு கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று பொருள். அதன் பிறகே இரண்டாம் கடைசல்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் இருக்கட்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 சுற்று. கோணிய கிண்ணத்தை மறுபடி ஏற்றும்போது அதற்கும் குறைவாகத் தொடங்குங்கள்.

கேள்வி (சேலம்): ரோஸ்வுட் கரண்டி கடைந்த அன்றெல்லாம் கண் எரிச்சல், முழங்கையில் தடிப்பு. பழகினால் சரியாகுமா சார்?

சரியாகாது, கூடத்தான் செய்யும். ரோஸ்வுட் எனும் ஈட்டி, கோகோபோலோ போன்ற டல்பெர்ஜியா மரங்களின் தூள் ஒவ்வாமையைக் கிளப்பும். உடம்பு ஒருமுறை அதை அடையாளம் கண்டுகொண்டால் அடுத்த முறை குறைந்த தூளுக்கே தடிக்கும். நீங்கள் இந்த மரத்தை விட்டுவிடுவதே நல்லது. மற்றவர்களும் என்95 முகமூடி, முழுக்கை, தூள் உறிஞ்சி இல்லாமல் தேய்க்க வேண்டாம். எந்த மரத்தூளாக இருந்தாலும் சரி, அதைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

கேள்வி (மதுரை): மேலே என்ன பூசுவது? வீட்டில் தேங்காயெண்ணெய் போதும் என்கிறார்கள்.

தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் மரத்தில் கெட்டியாகாது. சில மாதத்தில் பிசுக்கும் சிக்கு வாடையும் வரும். மருந்துக்கடையில் வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபின் கேளுங்கள். நான்கு பங்கு லிக்விட் பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, எடைக் கணக்கில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டால் பூச்சு தயார்.

பூசும் முன் ஒரு வேலை உண்டு. 120, 180, 240, 320 என்று தேய்த்தபின் ஈரத்துணியால் நனைத்துக் காயவிடுங்கள். நார் சிலிர்த்து எழும். அதை 320ஆல் மட்டும் மெல்லத் தேய்த்து, மறுபடி ஒருமுறை நனைத்துத் தேயுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் கழுவலிலேயே கரண்டி சொரசொரக்கும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் கடையில் 'பாயில்டு' என்று விற்பதைத் தவிருங்கள், அதில் உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போட வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு ரோஸ்வுட் மத்தும் கரண்டியும் அனுப்பலாமா?

ரோஸ்வுட் சேர்ந்த டல்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. 2019 முதல், செய்து முடித்த சாமானில் அந்த மரத்தின் எடை ஒரு பொதிக்கு 10 கிலோவுக்குள் என்றால் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. செம்மரத்தில் செய்த எதையும் அனுப்பாதீர்கள். ஆப்பிரிக்கப் படாக்கைப் பலகையாக இறக்குமதி செய்வோர், அதுவும் 2023 முதல் பட்டியலில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): வேங்கை மர டம்ளரில் தண்ணீர் நீலமாக மினுங்குகிறதே, சாயமா?

சாயம் இல்லை, மரத்தின் சத்து தண்ணீரில் இறங்குவதால் வரும் மினுக்கம். சர்க்கரை மாத்திரைக்கு மாற்றாக இதைக் குடிக்காதீர்கள். டம்ளரின் உட்புறம் எதுவும் பூச வேண்டாம். குடித்ததும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், இரவு முழுக்க நீர் நின்றால் அடி பிளக்கும்.

கேள்வி (ஈரோடு): சமையல் சாமானுக்குத் தொடவே கூடாத மரம்?

எட்டி, அரளி. விறகுக்கட்டையில் கிடைத்த, பெயர் தெரியாத துண்டும் அதே கணக்குதான்.